மணப்பாட்டு ஊராருக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

2023 டிசம்பரில் பெய்த அந்த மழையைப் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி ரோடுகளை அறுத்துக்கொண்டு போனது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றது, எல்லாம் நீங்கள் பட்டதுதான். அதற்கு நடுவில் அம்மா போனதும், பெற்ற பிள்ளைகளில் ஒருத்தர்கூட வந்து சேர முடியாமல் நீங்களே எடுத்து அடக்கம் செய்ததும் உங்களுக்குத் தெரியும். மனசு ஆறிய பிறகு எழுதினால் இந்த மடல் இன்னும் அழகாக வரலாம். ஆனால் அதற்குள் பாதிப் பேரை மறந்துவிடுவேன். அதனால் இப்போதே.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். கரண்டு இல்லாத கோயிலில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அடக்கப் பூசை வைத்த பங்குச்சாமிக்கு. நனைந்துகொண்டே செபம் சொன்ன உபதேசியாருக்கு. அம்மாவைக் குளிப்பாட்டி, அவள் பெட்டியின் அடியில் எடுத்து வைத்திருந்த சேலையைத் தேடிப்பிடித்துக் கட்டிவிட்ட பெரியம்மாமார், சித்திமாருக்கு. வெளியூரில் சவப்பெட்டி வாங்க வழியில்லை என்றதும் கையில் இருந்த பலகையை வைத்தே பெட்டி அடித்துக் கொடுத்த ஆசாரிக்கு. தோண்டத் தோண்ட ஈர மணல் சரிந்து குழியை மூட, படகுப் பலகைகளை இருபக்கமும் முட்டுக் கொடுத்துப் பிடித்து நின்ற இளவட்டங்களுக்கு. உடன்குடியிலிருந்து என்னை டிராக்டரில் ஏற்றிவந்து, டீசலுக்குக்கூடக் காசு வாங்காமல் திரும்பிய அண்ணாச்சிக்கு. அப்புறம், சிக்னல் கிடைத்த ஒரு நிமிஷத்தில் “அம்மாவ நாங்க பாத்துக்கிடுதோம், நீங்க பையப் பைய வாங்க” என்று சொல்லிவிட்டுக் கட்டாகிப் போன அந்தக் குரலுக்கு. அது யார் குரல் என்று இன்னும் பிடிபடவில்லை. எல்லாருக்கும் நன்றி.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தது வேறொன்று.

ஊர் வந்து சேர்ந்ததும் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போனேன். உள்ளே கால் வைக்கப் பயமாக இருந்தது. மழை மண்மேடுகளையெல்லாம் கரைத்திருந்தது. மரக் குருசுகள் பல சாய்ந்து, சில இடம் மாறிக் கிடந்தன. இதில் அம்மாவை எங்கே தேடுவது? யாரையாவது கூட்டி வந்திருக்கலாம் என்று நினைத்தபோதுதான் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று கண்ணில் பட்டது. வலையில் கட்டுகிற மிதவை.

கிட்டப் போய்ப் பார்த்தேன். உடைந்த துடுப்பின் இரண்டு துண்டுகளைக் குறுக்கே வைத்து, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிய குருசு. அதன் நடுவில் அந்த மிதவை. அதில் அம்மாவின் ஞானஸ்நானப் பெயரும், அதற்குக் கீழே எங்கள் வீட்டுப் பெயரும். மேலே கறுப்பு மை, அடியில் அழிந்துபோன நீல மை. ஆக, எழுதியவர் எழுதிவிட்டுப் போய்விடவில்லை. மழை அழித்ததும் திரும்பி வந்து, அதே எழுத்தின் மேல் மறுபடி எழுதியிருக்கிறார். மேட்டின் மேல் ஒரு பழைய வலையை விரித்து, மணல் கரையாதபடி ஓரமெல்லாம் கல் வைத்திருந்தது. நான் அழுதது அப்போதுதான்.

விசாரித்ததில் ஆள் கிடைத்தான். இருபது வயது இருக்கும். எங்களுக்குச் சொந்தமில்லை, பக்கத்து வீடும் இல்லை. அவன் வீட்டுக்குள்ளும் தண்ணீர் நின்ற நாட்கள் அவை. ஏன் தம்பி என்று கேட்டேன். “நீங்க வந்து எதுன்னு தேடக்கூடாதுல்லண்ணே” என்றான். சும்மா கிடந்த மிதவைதானாம், உடைந்த துடுப்புதானாம். நன்றி சொல்லி எழுதப்போகிறேன் என்றதும் பதறிவிட்டான். “பேரெல்லாம் போட்டுராதீங்கண்ணே, பயலுவ கேலி பண்ணுவானுவ.” சரி, போடவில்லை. ஊருக்குத் தெரியாதா என்ன!

அந்தத் துடுப்புக் கட்டையைப் பார்த்ததிலிருந்து அம்மா சொன்ன கதைதான் மண்டைக்குள் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் மலைமேல் சிலுவைக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவள் அவள். முட்டுவலி வந்த பிறகு அடிவாரத்திலேயே நின்று கும்பிட்டுவிட்டு வருவாள். நம் ஊருக்கு வருகிறவர்கள் 1542இல் வந்த சவேரியார் தங்கிய குகையைக் கேட்பார்கள். அங்குள்ள கிணற்றைப் பார்த்து, கடலுக்கு இவ்வளவு கிட்டத்தில் நல்ல தண்ணீரா என்று அதிசயப்படுவார்கள். 1581இல் கட்டிய கோயிலைப் படம் எடுப்பார்கள். அம்மாவுக்கு அதெல்லாம் அப்புறம்தான். 1540இல் புயலில் சிக்கித் தப்பித்த போர்ச்சுக்கீசியக் கப்பல்காரர், ஒடிந்த பாய்மரத்திலேயே சிலுவை செய்து அந்த மணல் குன்றில் நட்டார் என்று நம் ஊரில் வழிவழியாகச் சொல்வார்களே, அவளுக்கு அதுதான் பெரிது. “ஒடிஞ்ச மரந்தாம்ல அது. நல்ல மரம் பாத்து வாங்கிச் செஞ்சதில்ல” என்பாள். சின்ன வயதில் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும்.

கல்லறை கட்டத்தான் போகிறோம். கட்டினாலும் துடுப்புக் குருசை எடுக்கப் போவதில்லை. சிமெண்டுக்குள் எப்படி நிறுத்துவது என்று கொத்தனார் தலையைச் சொறிகிறார், அது அவர் பாடு.

இன்னொன்று. மழையில் குருசும் பெயரும் போன மேடுகள் எங்கள் அம்மாவுடையது தவிர நிறைய இருக்கின்றன. அந்தந்த வீட்டுக்காரர்கள் உபதேசியாரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். மரமும் பெயிண்டும் என் செலவு. எழுதுவதற்கு அந்தத் தம்பி ஒத்துக்கொண்டிருக்கிறான். ஊரில் ஆளில்லாத வீட்டுக் கல்லறைகளையும் விடப்போவதில்லை. வருகிற நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குள் பெயரில்லாத மேடு ஒன்றும் இருக்கக் கூடாது. இது நான் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு.

கடைசியாக, அடக்கத்தன்று வாசலில் கட்டிய நீலத் தார்ப்பாயும், இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்கும், ஒரு பெரிய அலுமினியத் தேக்சாவும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. கழுவித் துடைத்து வைத்திருக்கிறோம். யாருடையது என்று தெரியவில்லை. வந்து எடுத்துக்கொள்ளுங்கள், வரும்போது ஒரு காப்பி குடித்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கையால் அடக்கமானவளின் மூத்த மகன்