கோர்வைக்கு ஆள் இல்லைன்னு சொல்ற எங்க அண்ணனுக்கு

அண்ணா,

உன் தறியை விட்டுட்டு நான் தனியா வந்ததைப் பத்தி நெசவாளர் சொசைட்டி வாசல்ல நாலு பேர் முன்னாடி நீ பேசினது எனக்கு வந்து சேர்ந்துடுச்சு. "இவ பாட்டுக்கு எழுந்து போயிட்டா, பாதி சேலையில தறி நிக்குது"ன்னு சொன்னியாம். சொன்னது யாருன்னு எழுத மாட்டேன், அவங்களும் இதைப் படிப்பாங்க. போன் பண்ணா நீ எடுக்கறதில்ல, அண்ணி எடுத்து அப்புறம் பேசச் சொல்றேன்னு வச்சிடுது, மெசேஜ் போட்டா பார்த்துட்டுப் பேசாம இருக்க, அதனாலதான் இங்க எழுதறேன். பாப்பா உனக்குப் படிச்சுக் காட்டும்னு தெரியும். பாப்பா, அப்பாவுக்குப் படிக்கும்போது நடுவுல எதையும் விட்டுடாதடா கண்ணு.

அப்பா வருஷ திதிக்கு மறுநாள் நம்ம வீட்டுல என்ன பேச்சு நடந்துச்சுன்னு உனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், அது இங்க வேணாம். நான் எதுக்காகப் புகுந்த வீட்டுலேர்ந்து திரும்பி வந்தேங்கறதும் இங்க வேணாம், அதுக்குன்னே காத்துக்கிட்டு இருக்கற சொந்தக்காரங்க நிறைய பேர் இருக்காங்க. ஒண்ணு மட்டும் எல்லாரும் கேக்கற மாதிரியே சொல்றேன், அன்னைக்கு ராத்திரி ஒரு வார்த்தை கேக்காம கதவைத் திறந்து என் பையை வாங்கி உள்ள வச்சது நீதான். அதை நான் எந்த ஜென்மத்துலயும் மறக்க மாட்டேன். அதுக்காகத்தான் இத்தனை வருஷமும் வாயைத் திறக்காம உன் தறிக்குப் பக்கத்துல உக்காந்து நாடா போட்டேன். ஆனா அடைக்கலம் குடுத்ததுக்கு ஆயுசு முழுக்க கூலியில்லாம உழைக்கணும்னு நீயும் சொல்லல, நானும் ஒத்துக்கல, அது தானா அப்படி ஆயிப்போச்சு.

படிக்கறவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன், நீ கோவிச்சுக்காத. காஞ்சிபுரம் பட்டுல கோர்வைன்னா உடம்பு ஒரு கலர், கரை வேற கலர், ரெண்டும் தனித்தனி ஊடை, அதாவது குறுக்கு நூல், அந்த நூலைக் கொண்டுபோற கட்டைதான் நாடா, மூணு நாடா ஓடும். ஒரு ஆளால ஆகாது. நெய்யறவர் உடம்புக்கு நாடா தள்ளும்போது ஓரத்துல உக்காந்திருக்கறவங்க கரைக்கு நாடா போடணும், உடம்பு இழையும் கரை இழையும் சந்திக்கற எடத்துல ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கணும். கை ஒரு நொடி தள்ளிப்போனா அங்க கண்ணு மாதிரி ஓட்டை விட்டுடும், இறுக்கிப் பிடிச்சா துணி சுருங்கிடும். தாழம்பூ ரேக்குன்னு பல்லு பல்லா வர்ற கரையா இருந்தா கேக்கவே வேணாம், ஒவ்வொரு பல்லும் அதுக்குண்டான எடத்துலதான் ஏறி இறங்கணும். நெய்யக் கூலி குடுக்கற முதலாளி சேலையை விரிச்சு முதல்ல தடவிப் பாக்கறது முந்தியை இல்ல, கோர்வைக் கோட்டைத்தான். "கோர்வை நல்லா விழுந்திருக்கு"ன்னு அவர் உன்னைப் பார்த்து சொல்லும்போதெல்லாம் நீ தலையை ஆட்டுவ. அந்தக் கோடு பாதி என் கை அண்ணா. பாதி கூட இல்ல, அதுக்கு மேல.

கூலி ஒரு சேலைக்கு இவ்வளவுன்னு வரும், உன் பேர்ல, உன் பாஸ்புக்குல. ஓரத்துல உக்கார்றவங்களுக்குத் தனிக் கணக்கு கிடையாது. அம்மா நாப்பது வருஷமா நாடாவுக்குள்ள வைக்கற தார்ல நூல் சுத்தினாங்க, பாவுன்னு சொல்ற நீள நூலைப் புணைச்சாங்க, விரல்ல சாம்பல் தொட்டுத் தொட்டு பழைய பாவு இழையோட புது இழையை ஒண்ணொண்ணா முறுக்கி முறுக்கி கண்ணே போச்சு, அவங்க பேர்ல ஒரு ரூபாய் எங்கயும் எழுதல. அதை யாரும் அநியாயம்னு சொல்லல, வீட்டு வேலைன்னு சொன்னாங்க.

இப்ப அந்த நாளைப் பத்தி எழுதறேன். உனக்கு ஞாபகம் இருக்கான்னு தெரியல. ஒரு தடவை கூட நாம அதைப் பேசினதில்ல.

கைத்தறி கணக்கெடுக்க ஒரு பொண்ணு வந்துச்சே, வெயில்ல, பிள்ளையார்பாளையம் முழுக்க நடந்துட்டு நம்ம திண்ணையில உக்காந்து தண்ணி வாங்கிக் குடிச்சுதே, அந்த நாள். எனக்குக் கல்யாணம் ஆகல அப்ப. அரக்கு உடம்பு, பச்சைக் கரை, உள்ள தறியில ஓடிட்டு இருந்துச்சு. அந்தப் பொண்ணு உள்ள எட்டிப் பார்த்து இந்த வீட்டுல நெய்யறவங்க எத்தனை பேருன்னு கேட்டுச்சு. நீ அப்பா பேரைச் சொன்ன, உன் பேரைச் சொன்ன. அது என்னைப் பார்த்துச்சு. நான் நாடாவைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், மடியில பச்சை ஊடை தார் கிடக்கு. "அக்காவும் நெய்றாங்களா?"ன்னு கேட்டுச்சு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீ "அது சும்மா ஒத்தாசைக்கு உக்காந்திருக்கு, வேற வேலை இல்ல"ன்னுட்ட. அந்தப் பொண்ணு விடல, துணை வேலை செய்யறவங்களையும் எழுதறோம் சார், பேரு சொல்லுங்கன்னு கேட்டுச்சு. அடுப்படியிலேர்ந்து அம்மா குரல், கட்டிக்குடுத்துப் போகப்போற பொண்ணு, அதுக்கு எதுக்கும்மா நெசவாளர் அட்டைன்னு. அப்பா ஒண்ணும் சொல்லல, பாவு இழையைத் தூக்கற விழுதுல அறுந்த இழையை முடிஞ்சுட்டு இருந்தாரு. அந்தப் பொண்ணு இன்னொரு தடவை என்னைப் பார்த்துச்சு, நானே சொல்லுவேன்னு நினைச்சிருக்கும். நான் உன்னைப் பார்த்தேன். நீ மிதிக்கட்டையை மிதிச்சுட்ட, பாவு வாய் திறந்துச்சு, என் கை தானா நாடாவைப் போட்டுடுச்சு.

எழுதிட்டுப் போயிடுச்சு, ரெண்டு பேருன்னு.

அன்னைக்கு சாயங்காலம் நீ வெளிய போயிட்டு வந்து என் மடியில ஒரு புது நாடாவைப் போட்ட. ஒண்ணும் பேசல. நல்ல வழவழப்பு, என் கை சின்னதுன்னு பார்த்துச் சின்னதா வாங்கியிருந்த. நான் ரொம்ப சந்தோஷப்பட்டேன் அண்ணா. கோவத்தை எங்க வைக்கறதுன்னே தெரியாம போச்சு. உனக்கு உள்ளுக்குள்ள தெரிஞ்சிருக்கு, தெரியாம இருந்தா ஏன் நாடா வாங்கப் போற? தெரிஞ்சும் ஏன் அந்தப் பொண்ணு பின்னாடி ஓடிப்போய், இன்னொரு பேர் எழுதிக்கம்மான்னு சொல்லல? தெரு முனையைக் கூடத் தாண்டியிருக்காது அது.

அந்தக் கணக்கு 2019-20 கணக்கெடுப்புன்னு பின்னாடி வெளிய வந்துச்சு. நாடு முழுக்கக் கைத்தறியில இருக்கறவங்க 35 லட்சத்துக்கு மேல, அதுல பொம்பளைங்க 25 லட்சத்துக்கு மேல, நூத்துக்கு எழுபதைத் தாண்டுது. அஸ்ஸாம் பக்கமெல்லாம் பொம்பளைங்கதான் தறியில உக்கார்றாங்க. நான் இதைப் படிச்சப்போ புகுந்த வீட்டுல இருந்தேன், தறியே இல்லாத வீடு. இத்தனை லட்சத்துல நான் இல்லையேன்னு அழுகை வந்துச்சு. ஒரு நம்பருக்காக யாராவது அழுவாங்களான்னு கேக்காத. எந்தக் காகிதத்துலயும் இல்லாதவ சொசைட்டியில போய் மெம்பராக்குங்கன்னு கேட்டா "நீ நெய்வியா, யார் சொன்னது?"ன்னுதான் கேப்பாங்க. கேட்டாங்க. நெய்ஞ்சு காட்டுன்னாங்க. அவங்க தறியிலயே உக்காந்து நெய்ஞ்சு காட்டினேன், அதுக்கப்புறம் ஒரு கேள்வியும் வரல. ஆனா நம்ம தெருவுல எந்த ஆம்பளையையாவது அப்படி நெய்ஞ்சு காட்டச் சொல்லியிருக்காங்களா?

நான் கூலியைப் பிரிச்சுக் குடுன்னு உன்கிட்ட கேக்கவே இல்லைன்னு நீ எல்லார்கிட்டயும் சொல்றியாம். கேட்டேன். செருப்பு அறுந்தப்போ கேட்டேன். "அண்ணிகிட்ட வாங்கிக்கோ"ன்ன. அண்ணி குடுத்துச்சு, முகம் சுளிக்காமத்தான் குடுத்துச்சு, அதைக் குத்தம் சொல்ல மாட்டேன், ஆனா ஒரு சேலைக்கு 15 நாள் 20 நாள்னு இடுப்பு ஒடிய உக்காந்தவ செருப்புக்கு இன்னொருத்தர் முந்தானையைப் பார்த்துக்கிட்டு நிக்கறது எப்படி இருக்கும்னு நீ ஒரு நாள் நின்னு பார்த்தாத்தான் தெரியும். உன் கஷ்டம் எனக்குத் தெரியாம இல்ல. பட்டும் ஜரிகையும் விக்கிற விலை, எடை குறைஞ்சா கூலியில பிடிக்கறது, மழைக்காலத்துல தறிக்குக் கீழ கால் விடற குழியில ஈரம் ஊறி தறி நிக்கறது, அப்பா ஆஸ்பத்திரிக்கு வாங்கின முன்பணம், எல்லாம் கண்ணால பார்த்தவ நான். இருக்கறதுலதான பங்கு கேட்டேன், இல்லாததுல கேக்கலையே.

இப்ப எங்க இருக்கேன்னு கேக்கறவங்களுக்கு, செவிலிமேடு பக்கம் ஒரு வீடு. தெரு பேர் வேணாம். வாடகைக்குக் கேட்டுப் போன எடத்துலயெல்லாம் மொதல் கேள்வி வீட்டுல ஆம்பளை யாருன்னு, ரெண்டாவது கேள்வி தரையில குழி தோண்டணுமான்னு. ரெண்டுக்கும் சரின்னு சொன்ன வீட்டுக்காரம்மா ஒருத்தங்க கிடைச்சாங்க, அவங்களும் ஒரு காலத்துல தார் சுத்தினவங்கதான். தறி பழசு, டிசைன் எடுக்கற ஜக்கார்டு பெட்டி அதைவிடப் பழசு, வளையலை வித்து வாங்கினது. நீ போட்ட வளையல்தான், மன்னிச்சுடு. மன்னிச்சுடுன்னு எழுதறேன், ஆனா திரும்ப அந்த நிலைமை வந்தாலும் விப்பேன். சீர்னு எனக்குக் குடுத்தது எனக்கு சோறு போடட்டும், பீரோவுல இருந்து என்ன பண்ணப்போகுது.

எனக்குக் கோர்வைக்கு யார்னு கேப்ப. பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தங்க. மொதல் நாளே பேசிட்டேன், கூலி வர்ற அன்னைக்கே அவங்க பங்கை அவங்க கணக்குலயே போட்டுடறதுன்னு. அவங்க நம்பல. மொதல் சேலைக்குப் பணம் ஏறினதும் போன்ல மெசேஜைக் காட்டி காட்டி இது எனக்கு வந்ததா எனக்கு வந்ததான்னு கேட்டாங்க. சொந்தத் தறியா இருந்தாலும் எனக்கு மிஞ்சறது ஒண்ணும் பெருசில்ல, உனக்குத் தெரியாதது இல்ல. கொஞ்சம்தான் நிக்குது. ஆனா அது என் பேர்ல நிக்குது.

பாட்டி சொல்லுவாங்களே, பொம்பளை குழியில கால விட்டா தொழில் தங்காதுன்னு. நம்ம தெருவுலயே எத்தனை வீட்டுல பொம்பளைங்க நெய்யறாங்க, நம்ம வீட்டுலதான் அது பெரிய சட்டம். அந்தச் சட்டத்தை மொதல்ல மீறினது யாரு? நீதான். அப்பா அமாவாசைக்குக் கோயிலுக்குப் போன நேரத்துல என்னைக் குழியில இறக்கி ரெண்டு கால்லயும் மிதிக்கட்டையைப் பழக்கினது நீ. ஊடையை நெருக்கற பலகையை எப்ப அடிக்கணும், எவ்வளவு அடிக்கணும்னு என் கைமேல உன் கையை வச்சுக் காட்டினது நீ. மார்கழியில விடியறதுக்கு முன்னாடி தெருவுல பாவு நீட்டும்போது நான் நடுங்கறதைப் பார்த்து சட்டையைக் கழட்டி என் மேல போட்டுட்டு வெறும் உடம்போட நின்ன. எனக்குத் தொழில் குடுத்தவன் நீ அண்ணா. அதனாலதான் வேற யார் சொல்லியிருந்தாலும் போகட்டும்னு விட்டிருப்பேன், நீ "ஒத்தாசை"ன்னு சொன்னதைத்தான் விட முடியல.

இன்னொண்ணு. போன வாரம் அம்மாவைப் பாக்க வந்தப்போ ஜன்னல் வழியா பார்த்தேன், நான் உக்கார்ற எடத்துல பாப்பா உக்காந்திருந்துச்சு. பள்ளிக்கூடத்து யூனிபார்மோட. உள்ள வராம அப்படியே திரும்பிட்டேன். எட்டாவது படிக்கிற புள்ளை. பாப்பா, இதையும் சேர்த்துப் படி, அத்தை உன்னைத் திட்டல. அண்ணா, அதுக்கு ஆசை இருந்தா நீ எனக்குச் சொல்லிக்குடுத்த மாதிரி சொல்லிக்குடு, லீவுல குழியில உக்கார வச்சு முழு தறியும் சொல்லிக்குடு. என் எடம் காலியாயிடுச்சுங்கறதுக்காக ஓரத்துல உக்கார வைக்காத. இந்த விஷயத்துல நான் யார்கிட்ட வேணும்னாலும் போவேன், அண்ணன்னு பாக்க மாட்டேன்னு உனக்கு முன்கூட்டியே சொல்லிடறேன்.

நிக்கற சேலையை வர்ற அமாவாசைக்குள்ள முடிச்சுக் குடுக்கணும்னு முதலாளி சொன்னதா கேள்விப்பட்டேன். நான் வர்றேன். என் தறி வேலை முடிச்சுட்டு சாயங்காலம் வந்து நாடா போடறேன், கோர்வைக் கூலி என்னன்னு மொதல்ல பேசி என் கணக்குல போடு, வெளி ஆளுக்கு என்ன குடுப்பியோ அதுவே போதும், தங்கச்சின்னு கூடவும் வேணாம் குறைக்கவும் வேணாம். சம்மதம்னா பாப்பாவை விட்டு ஒரு மெசேஜ் போடு. இல்லைன்னா ஆள் தேடிக்கோ, நான் ரெண்டு பேர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், நல்ல கை உள்ளவங்க, கூலி குடுத்தா வருவாங்க.

அப்பாவோட முன்பணத்துல பாதி நான் கட்டறேன்னு சொன்னதுல மாத்தமில்ல. மாசாமாசம் கொஞ்சமா முதலாளிகிட்ட நானே நேர்ல குடுத்துடறேன்.

அம்மாவுக்கு வியாழக்கிழமை கண் ஆஸ்பத்திரி. பழைய சீட்டு பீரோ மேல நீல கவர்ல இருக்கு, சொட்டு மருந்து தீர்ந்திருக்கும். நீ கூட்டிட்டுப் போக முடியலைன்னா புதன்கிழமையே சொல்லு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.

உன் தங்கச்சி