அந்த நான்கு நிமிடம், அண்ணா

அண்ணா,

"பாப்பாவை இந்த வருஷம் சேஸுக்குக் கூட்டிட்டுப் போறேன், நீயும் வர்றியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். டொர்னாடோ சுழல்காற்றைத் துரத்திப் போய்ப் பார்க்கிற அந்த சேஸுக்கு, அதுவும் 2013-ல் நமக்கு அப்படி ஆன மே 31 நெருங்குகிற வாரத்தில்! நேரில் நான் அந்தப் பேச்சை எடுத்தாலே டீ போட எழுந்து போய்விடுவீர்கள். அதனால்தான் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். அண்ணியும் படிப்பார், சிலதை விட்டுவிடுகிறேன்.

ஓக்லஹோமாவில் எல் ரீனோ ஊருக்குத் தெற்கே அந்த மண்ரோடு. கோதுமை வயல் முழுக்கப் புயல் இருந்த பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அவ்வளவு காற்றையும் அது உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. டொர்னாடோ மழைக்குள் மறைந்துவிட்டதால் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கறுப்புச் சுவர்தான். தென்கிழக்கே போவதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். "81 ஹைவேல வடக்கே ஏறிட்டா அதுக்கு முன்னாடி போய் நின்னுடலாம்" என்றீர்கள்.

என் மடியில் லேப்டாப். ரேடாரின் புதுப்படம் வந்தது. சிவப்பும் பச்சையும் ஒட்டி நிற்கிற, காற்று சுழல்கிற அந்தப் புள்ளி இடது பக்கம், வடகிழக்காகத் திரும்பியிருந்தது. நாம் ஏறப்போகிற அதே பக்கம்.

நான் சொல்லவில்லை.

இத்தனை வருடமாக உங்களிடம் மறைத்தது இதைத்தான். 81 சந்திப்பில் "தெற்கே, தெற்கே" என்று நான் கத்தியது அப்போது பார்த்த படத்தை வைத்து அல்ல. அதற்கு முந்தைய படத்திலேயே தெரிந்துவிட்டது. அடுத்த படம் வர நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும், வருவதும் பழைய படம்தான். தப்பாகப் பார்த்திருப்பேனோ என்ற சந்தேகம். மதியம் பெட்ரோல் பங்கில் அத்தனை பேர் முன்னால் "இவனுக்கு ரேடார் படிக்கத் தெரியாது, சும்மா மேப் பிடிக்க வந்தவன்" என்றீர்களே, அந்த ரோஷம். கூடவே பக்கத்தில் போய்ப் பார்க்கிற ஆசை, அது உங்களுக்கு மட்டும்தானா இருந்தது? எது எவ்வளவு என்று இன்றும் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள். ஆனால் வாயை அடைத்தது நீங்களும்தான்.

அண்ணி அப்போது மாசமாக இருந்தார். அன்று மாலை போனில் அவர் என்னிடம் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் இங்கே எழுத மாட்டேன்.

ஆலங்கட்டியில் கண்ணாடி போய், தொப்பலாக நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தபோது உங்கள் சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டீர்கள். பனியனோடு இரவு முழுக்க வண்டி ஓட்டினீர்கள். அந்தச் சட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதே நீங்கள்தான் ஒவ்வொரு தீபாவளி விருந்திலும் "பையன் பயந்துட்டான், இல்லேன்னா 2.6 மைல் அகல டொர்னாடோவைக் கிட்டக்கப் பார்த்திருப்பேன்" என்கிறீர்கள். நானும் சிரித்து வைக்கிறேன். இனிச் சிரிக்க மாட்டேன். அந்த 2.6 மைலுக்குள்தான் டொர்னாடோ ஆராய்ச்சியாளர் டிம் சமராஸ் இறந்துபோனார். 2003-ல் தெற்கு டகோட்டாவில் டொர்னாடோ வரும் வழியிலேயே கருவியை வைத்து, காற்றழுத்தம் 100 மில்லிபார் விழுந்ததைப் பதிவு செய்தவர். நாம் பார்த்தவர்களிலேயே நிதானமானவர் என்று நீங்களே சொல்வீர்கள். அவரோடு அவருடைய மகன் பாலும், கூட வேலை பார்த்த கார்ல் யங்கும். பாலுக்கு 24 வயது. ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை செய்தி வந்ததும் டிவியை அணைத்துவிட்டு கராஜுக்குள் போனீர்கள். ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. என்ன நினைத்தீர்கள் என்று நான் கேட்டதில்லை.

அப்பாவும் மகனும் ஒரே காரில், அண்ணா. பாப்பாவுக்கு இப்போதுதான் பன்னிரண்டு.

வர மாட்டேன் என்றுதான் முதலில் பதில் எழுதினேன், அழித்துவிட்டேன். நான் வராவிட்டாலும் நீங்கள் போவீர்கள். முன் இருக்கையில் பாப்பா உட்கார்ந்து போனில் ரேடார் பார்ப்பாள். எதையாவது பார்த்தால்கூட, அப்பாவிடம் சொல்லத் தயங்குவாள்.

அதனால் வருகிறேன். முன் இருக்கை எனக்கு, பாப்பா பின்னால். மழைக்குள் மறைந்ததைத் துரத்தக் கூடாது. நான் திரும்பச் சொன்னால் வண்டி அந்த இடத்திலேயே திரும்பணும், காரணத்தை அப்புறம் கேளுங்கள்.

சரியென்றால் ஒரு வார்த்தை அனுப்புங்கள். இல்லையென்றால் அன்று போனில் சொன்ன பதிலை அண்ணியிடம் நானே திருத்திச் சொல்லிவிடுகிறேன்.