செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளும் பிள்ளை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரத்து ஞாயிறு இணைப்பில் 'ஆன் வித் ஆன் இ' என்ற கனடா நாட்டு இங்கிலீஷ் தொடரைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் மரில்லாவைக் 'கல்நெஞ்சக்காரி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டதும், செய்யாத திருட்டை ஆன் ஒப்புக்கொள்வது கதையை நகர்த்துவதற்காக வைத்த செயற்கையான திருப்பம் என்றதும் எனக்கு உறுத்தியது. நான் 28 வருஷம் ஒரு பெண் குழந்தைகள் இல்லத்தில் வார்டனாக இருந்தவள். தொடர் முழுவதையும், 27 பகுதிகளையும், கோடை விடுமுறைக்கு வந்த பேத்தியோடு உட்கார்ந்து பார்த்தேன். இங்கிலீஷ் பேச்சு வேகத்துக்கு என் காது ஓடாது. அவள்தான் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பிறகு அவளிடமிருந்த, தொடருக்கு மூலமான எல்.எம். மாண்ட்கோமரி அம்மாவின் 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' நாவலையும் வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன். 1908இல் வந்த புத்தகம்.

பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. கனடாவில் பிரின்ஸ் எட்வர்டு தீவு. கல்யாணம் செய்துகொள்ளாத அண்ணனும் தங்கையும், மாத்யூ, மரில்லா. பண்ணை வேலைக்கு ஒரு பையன் வேண்டும் என்று அநாதை இல்லத்துக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். ரயிலடியில் வந்து உட்கார்ந்திருப்பதோ சிவப்பு முடியும் ஓயாத வாயுமாக ஒரு பெண், ஆன்.

'பையன் கேட்டோம், பெண் வந்துவிட்டது, திருப்பி அனுப்பு' என்று மரில்லா சொல்வது இன்று நமக்குக் கொடுமையாகத் தெரியும். அந்தக் காலத்தை வைத்துத்தான் அதைப் பார்க்க வேண்டும். 1869இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள், பிரிட்டனிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆதரவற்ற பிள்ளைகளைக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பையன்களுக்குப் பண்ணை வேலை, பெண்களுக்கு வீட்டு வேலை. நாவலிலும் அந்தப் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு வருகிறது. லண்டன் தெருப்பையன் வேண்டாம், உள்ளூர்ப் பிள்ளையே வரட்டும் என்கிறாள் மரில்லா. அதாவது அன்றைக்கு அநாதைப் பிள்ளையைக் கேட்பதென்றால் பாதிக்குப் பாதி பண்ணையாள் கேட்பதுதான். மாத்யூவுக்கு அறுபது வயது, இதயம் சரியில்லை. இவர்கள் பிள்ளைக்கு ஏங்கி அலைந்தவர்கள் இல்லை, கைக்கு ஓர் ஆள் தேடியவர்கள்.

இவளைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் இன்னொருத்தி, 'எனக்குக் கொடு' என்று கை நீட்டுகிறாள். மரில்லாவுக்கு அத்தோடு பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அந்த மூஞ்சியைப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று பெண்ணை வண்டியில் ஏற்றித் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறாள். கல்நெஞ்சக்காரி என்று எழுதியவர் இந்த இடத்தில் காபி போட எழுந்து போயிருப்பார் போல.

இனி அந்த புரூச், அதாவது உடையில் குத்திக்கொள்ளும் நகை. மரில்லாவின் தாய் விட்டுப்போன செவ்வந்திக்கல் புரூச் காணாமல் போகிறது. கடைசியாகத் தொட்டவள் ஆன். 'எடுத்தாயா?' 'இல்லை.' மரில்லா விடவில்லை. கடைசியில் ஆன் ஒப்புக்கொள்கிறாள். நாவலில் அந்த ஒப்புதல் வாக்குமூலத்தைப் படித்தால் சிரிப்பும் வரும், பகீரென்றும் இருக்கும். பாலத்தின்மேல் நின்றாளாம், கையிலிருந்து நழுவியதாம், ஊதா ஊதாவாக மின்னிக்கொண்டே ஏரிக்குள் போனதாம். நடக்கவே நடக்காத ஒன்றுக்கு இத்தனை சோடனை. அங்கே அவள் பொய் சொல்வது ஒரு பிக்னிக்குக்காக. ஒப்புக்கொண்டால்தான் அறையை விட்டு வெளியே விடுவார்கள், ஐஸ்கிரீம் சாப்பிடலாம். தொடரில் அந்தக் காரணத்தை மாற்றிவிட்டார்கள். இங்கே அவள் பொய் சொல்வது வீட்டில் இருக்க விடவேண்டும் என்பதற்காக. சொல்லியும் பலனில்லை, அனுப்பிவிடுகிறார்கள். பொருள் வீட்டுக்குள்ளேயே கிடைக்கிறது. மாத்யூ கடல் தாண்டித் தேடிப் போகிறார்.

காரணத்தை மாற்றியது சரியா என்று பேத்தி கேட்டாள். சரி என்றேன். எப்படித் தெரியும் என்றாள். தெரியும்.

எங்கள் இல்லத்தில் சமையல் செய்த அக்கா சம்பளத்தில் ஐம்பது ரூபாயை அஞ்சறைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். காணோம். அன்றைக்குச் சமையலறையில் வெங்காயம் உரிக்கும் முறை ஒரு ஒன்பது வயதுப் பெண்ணுக்கு. அவளைக் கூப்பிட்டு விசாரித்தேன். இல்லை என்றாள். நான் குரலை உயர்த்தவில்லை, அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. 'உண்மையைச் சொல்லிட்டா ஒண்ணும் பண்ணமாட்டேன்' என்று நாலு தடவை சொன்னேன். ஐந்தாவது தடவை அவள் சொன்னாள்: எடுத்தேன், முக்குக் கடையில் தேன்மிட்டாய் வாங்கினேன், பத்து ரூபாய்க்கு, மீதியைப் பாவாடை மடிப்பில் வைத்தேன், குழாயடியில் விழுந்துவிட்டது. தேன்மிட்டாய் எப்படி இருந்தது என்றுகூடச் சொன்னாள், ஈரமாக, காகிதத்தில் ஒட்டிக்கொண்டு. எழுதிக் கையெழுத்து வாங்கி நோட்டில் ஒட்டினேன்.

முக்குக் கடைக்காரர் வீட்டில் இழவு. மூன்று நாளாகக் கடை திறக்கவே இல்லை. அது எனக்கு மறுநாள்தான் உறைத்தது. அதற்கடுத்த நாள் சமையல் கேஸ் புத்தகத்தைப் புரட்டியபோது நடுப்பக்கத்தில் அந்த ஐம்பது ரூபாய் இருந்தது. சமையல் அக்காவே இடம் மாற்றி வைத்துவிட்டு மறந்திருக்கிறார்.

ஏன்டி பொய் சொன்னே என்று கேட்டேன். 'ஒத்துக்கிட்டா திட்டு மட்டும்தானேம்மா. இல்லேன்னா அனுப்பிருவீங்க' என்றாள். அதற்கு முந்தின வருஷம் ஒரு குடும்பம் அவளைக் கூட்டிக்கொண்டு போய், சரிப்பட்டு வரவில்லை என்று சில வாரத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தது. பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்டால் அதற்கு உண்மையான பதில் ஒன்று, அவர்களுக்கு வேண்டிய பதில் ஒன்று என்று அந்த வயதிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆன் அந்த வீட்டுக்கு வருமுன் எங்கெல்லாம் இருந்தாள் என்று பாருங்கள். மூன்று மாதக் குழந்தையில் தாய் தகப்பன் போய்ச் சேர, முதலில் ஒரு குடிகாரன் வீடு, பிறகு எட்டுப் பிள்ளைகள் உள்ள இன்னொரு வீடு, அதில் மூன்று ஜோடி இரட்டைப் பிள்ளைகள், அப்புறம் இல்லம். அப்படிப்பட்டவள் வேண்டிய பதிலைக் கொடுப்பது திருப்பம் இல்லை, பழக்கம்.

பள்ளிக்கூடத்தில் அவள் வாய் தவறி வாங்கிக் கட்டிக்கொள்வதும் இதே வகைதான். வாத்தியாரும் ஒரு மாணவியும் தனியே இருப்பதைப் பார்த்துவிட்டு, பெரியவர்கள் விஷயத்தை மற்ற பெண்களுக்கு விளக்குகிறாள். ஊர்த் தாய்மார் எல்லாம் 'கெட்ட பிள்ளை' என்கிறார்கள். கெடுக்கவா சொன்னாள்? மற்ற பெண்களிடம் நல்ல கவுன் இருக்கிறது, டிபன் கூடை இருக்கிறது. இவளிடம் கொடுத்துச் சேர்ந்துகொள்ள இருந்த ஒரே சரக்கு அதுதான். ஹோம் பிள்ளைகளுக்கு வயதுக்கு மீறித் தெரியும் என்று பள்ளியிலிருந்து எனக்கு எத்தனை தடவை ஆள் வந்திருக்கிறது!

தொடரில் எல்லாம் பிடித்தது என்று சொல்லமாட்டேன். மரில்லா ஏன் இப்படி ஆனாள் என்பதற்கு ஒரு முன்கதை வைத்திருக்கிறார்கள்: அண்ணன் ஒருவன் செத்துப்போக, தாய் ஒடுங்கிவிட, குடும்பத்துக்காக இவள் தன் காதலன் ஜான் பிளைத்தை விட்டுக்கொடுத்தாளாம். நாவலில் அப்படி இல்லை. சண்டை போட்டாள், அவன் மன்னிப்புக் கேட்டும் வீம்பாக இருந்தாள், போய்விட்டான், அவ்வளவுதான். எனக்கு நாவல்தான் ஒட்டியது. கடுமையாக இருக்கும் ஒவ்வொருத்திக்கும் ஒரு தியாகக் கதை எதற்கு? நம் சீரியல்களில்தான் வில்லிக்கும் ஃப்ளாஷ்பேக் வேண்டும். இரண்டாம் சீசனில் தங்கம் இருக்கிறது என்று ஊரை ஏமாற்ற வரும் ஆட்கள் கதையும் எனக்குத் தேவையாகப் படவில்லை. நான் பின்னல் போட்டுக்கொண்டே பார்த்தேன். ஆனால் மூன்றாம் சீசனில் வரும், கனடாவின் பூர்வகுடிகளான மிக்மாக் இனத்துச் சிறுமி காக்வெட்! அவளுக்குப் பெற்றோர் இருக்கிறார்கள், குடிசை இருக்கிறது, பாஷை இருக்கிறது. படிப்பு என்று சொல்லி ஒரு விடுதிப் பள்ளிக்கு அழைத்துப்போய் அடைத்துவிட்டு, பெற்றவர்கள் வாசலில் வந்து நின்றும் கொடுக்க மறுக்கிறார்கள். 2019இல் தொடரை நிறுத்திவிட்டதால் அவள் கதை முடியாமலே நிற்கிறது. அதைக் கட்டுரையாளர் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

மரில்லாவுக்கே வருகிறேன். அவளை ஓட்டுவது கொடுமை இல்லை, பயம். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பிள்ளை வந்து, அது தன்னை ஏமாற்றினால் என்ன செய்வது என்ற பயம். அதனால்தான் திருடியிருக்கிறாள் என்று நினைப்பது அவளுக்குச் சுலபமாக இருக்கிறது. கடைசி சீசனில் ஆன் தன்னைப் பெற்றவர்கள் யார் என்று தேடக் கிளம்பும்போது அதே பயம் வேறு வேஷத்தில் வருகிறது, கிடைத்துவிட்டால் நம்மை விட்டுப் போய்விடுவாளோ என்று. வாயைத் திறந்து சொல்கிறாளா? அடுப்படியில் ஏதாவது ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள்.

புரூச் விஷயத்தில் அனுப்பிவிட்ட ஆன் திரும்பி வந்த அன்று, மரில்லா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழவில்லை என்று பேத்திக்குக் கோபம். 'அந்த அம்பது ரூபா கெடச்சப்போ நீங்க என்ன பாட்டி சொன்னீங்க அந்தப் பொண்ணுகிட்ட?' என்றாள்.

'சாப்பிட்டியான்னு கேட்டேன்' என்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இல்லக் காப்பாளர்,
மன்னார்குடி.