பட்டன் அமுக்குனா மூச்சடைப்பு போயிடும்னு சொல்லி வித்த பெட் பத்தி புகார்

கஸ்டமர் கேர் மேனேஜர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மார்ச்ல உங்க மதுரை ஷோரூம்ல தலைமாடு கால்மாடு ரிமோட்ல தூக்குற குயின் சைஸ் பெட் ஒன்னு வாங்குனோம், மெத்தையோட சேத்து 1,18,000 ரூபாய், பில் காப்பி இதோட வச்சிருக்கேன். மூணு தடவை போன் பண்ணி மூணு கம்ப்ளைன்ட் நம்பர் வாங்குனதுதான் மிச்சம், அதான் எழுதியே அனுப்புறேன்.

எங்க வீட்டுக்காரருக்கு ஸ்லீப் அப்னியா, அதாவது தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வர்ற வியாதி. வெறும் குறட்டைன்னுதான் பல வருஷம் இருந்துட்டோம். குறட்டை சத்தத்துல எனக்கு தூக்கம் வந்துரும், அது நின்னாதான் முழிச்சுக்குவேன், இருட்டுல ஒன்னு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டு கிடப்பேன், சில நேரம் இருபத தாண்டிரும், அப்புறம் கிணத்துல முங்கி எந்திரிச்ச மாதிரி ஒரு இழுப்பு இழுத்து மூச்சு வரும். டெஸ்ட்ல மணிக்கு 34 தடவை மூச்சு நிக்குது, இல்ல கொறையுதுன்னு வந்துச்சு, 30க்கு மேல போனாலே சிவியர்னு சொல்லி டாக்டர் சிபாப் மெஷின் எழுதிக்குடுத்தார், மாஸ்க் வழியா காத்த அழுத்தி மூச்சுப் பாதைய திறந்தே வைக்கிற மெஷின். மூஞ்சில மாஸ்க் மாட்டுறது அவருக்கு ஆகவே ஆகாது, திட்டித் திட்டித்தான் மாட்ட வச்சிருந்தேன்.

அந்த நேரத்துல பாத்தா உங்க நோட்டீஸ்ல "மாஸ்க் வேண்டாம், ஒரு பட்டன் போதும்"னு போட்டிருக்கு. ஷோரூம் தம்பி அதுக்கும் மேல, தலையும் முட்டியும் தூக்குற ஜீரோ கிராவிட்டி பட்டன்ல வச்சு படுத்தா அப்னியாவே வராது மேடம், மெஷினை ஓரங்கட்டிருங்கன்னுட்டார். விண்வெளிக்கு போறவங்க எடையில்லாம மிதக்கும்போது உடம்பு எப்படி நிக்குதோ அத பாத்து வச்ச பேராம், சரிதான், எங்க வீட்டுல படுக்குறது 92 கிலோ மனுஷன். சொல்லி முடிக்கல, அன்னைக்கு ராத்திரியே மெஷின் பரணுக்கு போயிருச்சு.

இல்லாதத சொல்ல மாட்டேன், அவருக்கு நெஞ்செரிச்சல் கொறஞ்சுது, காலைல கால் வீக்கம் வத்தியிருந்துச்சு, குறட்டை சத்தமும் பாதியாச்சு. அதுலதான் ஏமாந்தேன். சத்தம் கொறஞ்சதால நானும் அசந்து தூங்கிட்டேன், மூச்சு நிக்கிறத எண்ண ஆள் இல்ல. மூணாவது வாரம் காளவாசல் சிக்னல்ல பைக்ல உக்காந்தபடியே கண்ண மூடிட்டார், பின்னாடி பஸ்காரர் ஹாரன் அடிச்சுத்தான் முழிச்சிருக்கார்.

டாக்டர்கிட்ட ஓடுனோம். தினமும் எவ்ளோ நேரம் ஓடுச்சுன்னு பதியுற மெஷின் கார்டை அவர் கம்ப்யூட்டர்ல போட்டாரு, 22 நாளா வெறும் ஜீரோ. மல்லாக்க படுத்தா நாக்கு தொண்டைப் பக்கம் சரிஞ்சு மூச்சுப் பாதைய அடைக்கும், ஒருக்களிச்சு படுத்தா நெறைய பேருக்கு அது கொறையும், தலைமாடு கொஞ்சம் ஒசந்தாலும் ஓரளவு நல்லது, ஆனா இவ்ளோ சிவியரா இருக்கவருக்கு அது மெஷினுக்கு பதில் கிடையாதும்மான்னார். அப்பதான் எனக்கு உறைச்சுது. உங்க ஜீரோ கிராவிட்டில தலையும் முட்டியும் மேல, இடுப்பு கீழன்னு நடுவுல குழி விழுது, அந்த குழிக்குள்ள யாரு ஒருக்களிச்சு படுக்க முடியும்? பழைய இலவம்பஞ்சு மெத்தைல பாதி ராத்திரியாவது பக்கவாட்டுல கிடந்தவர உங்க பெட்டுதான் விடிய விடிய மல்லாக்க போட்டு வச்சிருக்கு.

இப்ப மெஷின் போட்டுட்டு, தலைமாட்ட மட்டும் லேசா தூக்கி, கால்மாட்ட தட்டையா வச்சு ஒருக்களிச்சு படுக்குறார், நல்லா தூங்குறார். தலைகாணி மூணு அடுக்குனா கழுத்து மடங்கி தாடை நெஞ்சுல முட்டும், பெட்டு இடுப்புல இருந்தே சேத்து தூக்குறது உண்மையிலேயே நல்ல விஷயம். இதை நேர்மையா சொல்லி வித்திருந்தாலே வாங்கியிருப்போமே.

இன்னொன்னு, போன மாசம் மழைல ராத்திரி 1 மணிக்கு கரண்ட் போச்சு, தலைமாடு தூக்கின வாக்குல நின்னுபோச்சு. ஒரே பலகைங்கிறதால அவருக்கு தூக்குனா எனக்கும் சேத்துத்தான் தூக்கும், ரெண்டு பேரும் சாய்வு நாற்காலில உக்காந்த மாதிரி விடியுற வரைக்கும் இருந்தோம். கரண்ட் போனா தட்டையாக்க பேட்டரி இருக்குன்னு சொன்னீங்கல்ல, காலைல டார்ச் அடிச்சு கட்டிலுக்கு அடியில பாத்தா ரெண்டு 9 வோல்ட் பேட்டரி போடுற எடம் காலியா கிடக்கு, உள்ள ஒட்டடை. கால்மாட்டுல மெத்தைய நிறுத்துற கம்பியும் மாட்டல, தலைய தூக்குனா மெத்தை சரிஞ்சு வந்துருது.

நான் கேக்குறது இவ்ளோதான். கம்பியையும் பேட்டரியையும் ஆள் அனுப்பி மாட்டுங்க, தனித்தனியா தூக்குற ரெட்டை பெட்டா மாத்தித் தாங்க, வித்தியாச பணம் நியாயமா இருந்தா தர்றேன், இல்லன்னா பெட்டை எடுத்துட்டு பணத்த திருப்பித் தாங்க. மாஸ்க் வேண்டாம்ங்கிற வரிய நோட்டீஸ்ல இருந்தும் ஷோரூம் போர்டுல இருந்தும் எடுத்துட்டு எழுத்துல பதில் போடுங்க. 15 நாள் பாப்பேன், அப்புறம் நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணிட்டு நுகர்வோர் கோர்ட்டுக்கு போவேன், 2019 சட்டத்துல தப்பான விளம்பரத்துக்கு என்ன இருக்குன்னு என் தம்பி எடுத்து குடுத்துட்டான், உங்க நோட்டீஸ பத்திரமா வச்சிருக்கேன்.

சர்வீஸ் ஆள் வர்றதா இருந்தா சாயங்காலம் 5 மணிக்கு மேல அனுப்புங்க, பகல்ல வீட்டுல யாரும் இருக்க மாட்டோம்.

இப்படிக்கு,
பில்லில் பெயர் உள்ள வாடிக்கையாளர்