ஒரு கிலோ அரிசிக்கு எத்தனை விடைகள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கைபேசி விளையாட்டுகளால் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று சென்ற இதழில் வந்த கட்டுரை, எல்லா விளையாட்டுகளையும் ஒரே தராசில் நிறுத்திவிட்டது. 'ஃப்ரீ ரைஸ்' போன்றவற்றையாவது தனியே எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அமெரிக்கக் கணினி நிரலாளர் ஜான் பிரீன், தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மகனுக்கு ஆங்கிலச் சொற்களைப் பழக்க உருவாக்கிய வினா விளையாட்டு அது. 2007 அக்டோபரில் இணையத்தில் வெளியிட்டார், 2009இல் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்துக்கே கொடுத்துவிட்டார். பிறகு பெருக்கல் வாய்ப்பாடு, நாட்டுக் கொடிகள் போன்ற பிரிவுகளும் அதில் சேர்ந்தன. சரியான விடையைத் தொட்டால் திரையில் உள்ள கிண்ணத்தில் அரிசி மணிகள் சேரும். அதற்கான பணம் விளம்பரதாரர்களும் ஆதரவாளர்களும் தருவது. தவறாகச் சொன்னால் தண்டனை இல்லை. சரியான விடையைக் காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகும். தொடக்க காலத்தில் சேர்ந்த அரிசி, வங்கதேசத்தில் தஞ்சம் புகுந்திருந்த மியான்மர் அகதிகளுக்குப் போயிற்று.

எங்கள் அரசுப் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை இதை விளையாட விட்டேன். வாய்ப்பாடு என்றாலே முகம் சுளிப்பவர்கள்கூட நாற்காலியை விட்டு எழவில்லை. "இந்த அரிசி உண்மையிலேயே யாருக்காவது போய்ச் சேருமா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். மறுநாள் அறிவியல் ஆய்வகத் தராசில் பத்து கிராம் ரேஷன் அரிசியை நிறுத்து, செய்தித்தாளில் கொட்டி எண்ணச் சொன்னேன். கிராமுக்கு ஏறத்தாழ 50 மணி வந்தது. விடைக்கு 10 மணி என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோவுக்கு 5,000 சரியான விடைகள் வேண்டும். 40 பேர் உள்ள வகுப்பில் தலைக்கு 125. கணக்கு முடிந்ததும் பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. சத்துணவு சாப்பிடுகிறவர்கள் அல்லவா, ஒரு கிலோ எத்தனை தட்டுக்கு வரும் என்று அவர்களுக்கே தெரியும்.

இந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது என்பதே என் கருத்து. 'நீ விளையாடினாய், ஒரு குழந்தையின் பசி தீர்ந்தது' என்று புகழ்வது அவர்களை ஏமாற்றுவதாகும். பணம் யார் தருகிறார், விளம்பரம் ஏன் வருகிறது, ஊர் கூடி விளையாடினால்தான் மூட்டை நிறையும் என்பதையெல்லாம் சேர்த்தே சொல்ல வேண்டும். நான் சொன்னேன். வாடிய வகுப்பு மறுவாரமே, எட்டாம் வகுப்பையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டு வந்தது.

குறை ஒன்று உண்டு. ஆங்கிலக் கேள்விகள் எங்கள் தமிழ்வழிப் பிள்ளைகளை எண்களோடும் நாட்டுக் கொடிகளோடும் நிறுத்திவிடுகின்றன. நம் பாடநூல்களில் உள்ள அறிவியலையும் வரலாற்றையும் வைத்து, நம் நிறுவனங்களின் விளம்பரப் பணத்தில், இதேபோல் ஒன்றைத் தமிழில் உருவாக்க முடியாதா? இங்கே கணினி நிரலாளர்களுக்குப் பஞ்சமில்லை. கேள்விகளை எழுதித் தர என்னைப் போன்ற ஆசிரியர்கள் ஆயத்தமாக இருக்கிறோம். தங்கள் இதழ் இந்த அழைப்பை வெளியிட்டு, முன்வருவோரை எங்களோடு இணைத்துவைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்.