செந்திலுக்கு அப்பா எழுதியது

பேராவூரணி
7.11.2021

அன்பு மகன் செந்திலுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அடைமழை. கொல்லையில் முழங்கால் தண்ணீர்.

போனில் பேசலாம்தான். சிங்கப்பூரில் உன் அறையில் பதினோரு பேர், இங்கே என் பக்கத்தில் உன் அம்மா. அதனால் எழுதுகிறேன். தீபாவளியன்று வீடியோவில் வந்தாய். "சாப்டியா தம்பி?" என்றால் "ம்". "வேலை இருக்கா?" என்றால் "இருக்கு". அப்புறம் மேல் கட்டிலின் அடிப்பலகையும் அதில் தொங்கிய ஈரச் சட்டையும்தான் தெரிந்தது. ராத்திரி ஒண்ணரைக்கு எழுந்து பார்த்தால் நீ ஆன்லைனில் இருக்கிறாய். அங்கே அப்போது மணி நாலு. விடிந்தால் வேலைக்கு ஏற்றிப்போகிற லாரி வந்துவிடுமே, எப்போதுதான் தூங்குகிறாய்?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள் உனக்கு ஞாபகம் இருக்கும். உன் பெரியப்பா சாய்ந்துகிடந்த தென்னையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். ஆம்பளை அழலாமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையில் எவனும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே அண்டாவில் கஞ்சி காய்ச்சினோம். பகலெல்லாம் சேர்ந்து மரம் அறுத்தோம், ராத்திரி சேர்ந்து புலம்பினோம். அத்தனை நஷ்டத்திலும் அதனால்தான் தலை தப்பியது.

கொரோனாவில் அதற்கும் வழியில்லை. ஒதுங்கி இருப்பதுதான் வைத்தியம் என்றார்கள். ஆம்பளைகள் சும்மா உட்கார்ந்து மனசு விட்டுப் பேசுகிற சாதி இல்லையே. கையில் டீ கிளாஸோ சீட்டுக்கட்டோ இருந்தால்தான் வாய் திறக்கும். 2020 மார்ச்சில் டீக்கடையை மூடினதும் ஊரில் பாதிப்பேர் ஊமையானார்கள். மே மாதம் டாஸ்மாக் திறந்தபோது வரிசையில் நின்று மருந்து வாங்கிக்கொண்டார்கள், கண்றாவி.

உனக்கு டீக்கடை தேக்காதான், அந்த லிட்டில் இந்தியா. ஞாயிற்றுக்கிழமை நம்ம பக்கத்துப் பையன்களோடு புல்லில் உட்கார்ந்து பேசுவதைக் கதைகதையாகச் சொல்வாய். போன வருஷம் ஏப்ரலில் கொரோனாவுக்காக நீங்கள் தங்குகிற டார்மிட்டரியைப் பூட்டினதோடு அது போயிற்று. அங்கே தங்கியிருப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்குத் தொற்று வந்துபோனதாக அந்த அரசாங்கமே டிசம்பரில் சொன்னது. செத்தவர்கள் ரொம்பக் குறைவு என்று எல்லோரும் மூச்சு விட்டோம். ஆனால் வேலைக்கும் அறைக்குமாகவே ஒன்றரை வருஷம் அடைத்துவைத்தால் மனுஷன் என்ன ஆவான்? இந்தச் செப்டம்பரில் வாரத்துக்கு 500 பேரைத் தேக்காவுக்கு விட ஆரம்பித்தார்களாம். டார்மிட்டரிகளில் லட்சக்கணக்கில் இருக்கிறீர்கள், உன் முறை என்றைக்கு வர?

போன வாரம் பேப்பரில் போட்டிருந்தான்: 2020இல் நம் நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,53,052 பேர். பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். தினக்கூலிகள் மட்டும் 37,666. படித்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னை நேராகவே கேட்கிறேன் தம்பி, அப்படி ஏதாவது நினைப்பு உனக்கு வருகிறதா? வந்தால் என்னிடம் சொல். திட்டமாட்டேன், அம்மாவிடமும் சொல்லமாட்டேன்.

தெற்குத்தெருப் பையன் ஒருத்தனுக்கும் அங்கே இப்படித்தான் தூக்கம் போனதாம். வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கு உதவுகிற ஹெல்த்சர்வ் என்ற அமைப்பில் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருக்கிறான். வேலை பர்மிட்டுக்கு ஆபத்து வருமோ என்று முதலில் பயந்தானாம். போனால், அவனைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டார்களாம், அவ்வளவுதான். இப்போது பரவாயில்லை என்கிறான். அவன் நம்பரை உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வெட்கப்படாமல் கூப்பிடு.

ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் என் பேரில் இருக்கிறது, அது என் பாடு. கஜாவுக்கு அப்புறம் வைத்த கன்றுகளெல்லாம் நன்றாகத்தான் நிற்கின்றன. ஊருக்கு வரவேண்டும் போலிருந்தால் டிக்கெட் போட்டுக்கொண்டு கிளம்பு. நாலு பேர் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள். ஆறரைக்கு மேல் நான் தனியாகத்தான் இருப்பேன், உனக்கு மணி ஒன்பது. படிக்கட்டுப் பக்கமாவது வந்து நின்றுகொண்டு பேசு.

அன்புடன்
அப்பா