பிஸ்கட் டப்பாவில் பால்பற்கள்

ஆசிரியருக்கு,

வங்கதேசப் போரின் வெற்றி நாளான டிசம்பர் 16 வந்தாலே எங்கள் தாத்தா நினைவுதான். அல்சூர் ஏரிக்கரையில் மையம் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர்; 1971 போரில் பாலம் கட்டப் போனார். அதைப் பற்றிக் கேட்டால், "கொசுதான்டா பெரிய எதிரி" என்று மழுப்பிவிடுவார். பால் வாங்கப் போனால் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். பூக்காரம்மா மகளின் பரீட்சை மார்க் வரை விசாரித்துவிட்டு வருவார். சாப்பர்ஸ் படையினரை ராணுவத்தில் 'தம்பி' என்பார்கள். தாத்தாவும் கடைசிவரை எல்லாரையும் தம்பி என்றே கூப்பிட்டார், என் இரண்டு வயது மகளைக்கூட! ஞாயிறு இட்லிக்குப் பேரப்பிள்ளைகளில் ஒருவர் குறைந்தாலும் தட்டைத் தொட மாட்டார். போன மாதம் போய்விட்டார். அப்புறம் அவருடைய பச்சை டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். மெடல்களுக்கு மேலே, பிஸ்கட் டப்பாவில், எங்கள் பால்பற்கள்.

– ஒரு பேரன், அல்சூர், பெங்களூரு